வேலி லாரிக்கு, வழி ஆளுக்கு: பிலடெல்பியாவின் காலி மனைகள்

பதினைந்து, பதினாறு அடி அகலம்; அறுபது அடி நீளம். நம் கணக்கில் இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில், அதன் வட பகுதியில், ஒரு சாதாரண வரிசை வீட்டு மனை அவ்வளவுதான். இடப்பக்க வீடும் வலப்பக்க வீடும் அப்படியே நிற்க, நடுவிலிருந்த வீட்டை மட்டும் எப்போதோ இடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வீடு முழுதாகப் போய்விடவில்லை. பக்கத்துச் சுவரில் அதன் மாடிப்படி ஏறிப்போன தடம் சாய்வாகத் தெரியும். அதற்கு மேலே படுக்கையறைக்கு அடித்த வர்ணம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். இடித்த செங்கல்லை நிலவறைக்குள்ளேயே தள்ளி மேலே மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள். நாளாக ஆகத் தரை குழிந்துபோகும். அந்தக் குழியில் டயர், மெத்தை, யாரோ குளியலறையைப் புதுப்பித்தபோது பெயர்த்துப் போட்ட பீங்கான், இடுப்பளவு களை.

இப்படிப்பட்ட மனைகள் அந்த நகரத்தில் சுமார் 40,000 இருந்தன. 2010இல் வெளிவந்த ஒரு பொருளாதார அறிக்கை இதற்கு விலை போட்டது. குப்பை அள்ளுவது, போலீஸ், தீயணைப்பு என்று இந்த மனைகளுக்காக நகர நிர்வாகம் ஆண்டுக்கு 2 கோடி டாலர் செலவழித்தது. அவற்றால் நகரத்து வீடுகளின் மதிப்பில் 360 கோடி டாலர் அடிபட்டிருந்தது. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 8,000 டாலர். காலி மனைக்குச் சொந்தக்காரனாக இருப்பவன் ஒரு காசும் செலவழிப்பதில்லை. அவன் மனையின் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டின் விலையில் கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த மனைகளில் ஆயிரக்கணக்கானவற்றின் மேல் பிலடெல்பியா கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. புல் போட்டது. இரண்டு மூன்று மரம் நட்டது. சின்னதாக ஒரு மர வேலி கட்டியது. அப்புறம் விடாமல் புல்லை வெட்டியது. கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நகரங்களைச் சீராக்க எடுக்கும் முயற்சிகளில் மருந்துச் சோதனைக்கு இணையாகக் குலுக்கிப் போட்டுச் சோதித்துப் பார்த்தது மிகக் குறைவு, அந்தக் குறைவானவற்றில் இது ஒன்று. அதனால்தான் இதை விரிவாக எழுதலாம் என்று பட்டது.

மனை எப்படிக் காலியானது

நம் ஊரில் மனை காலியாகக் கிடந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் விலை ஏறப்போகிறது என்ற நம்பிக்கை. வாங்கிப் போட்டுவிட்டு, நான்கு மூலையிலும் கல் நட்டு, "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று போர்டு வைத்துவிட்டு வெளிநாடு போய்விடுவார்கள். பிலடெல்பியாவில் கதை நேர்த் தலைகீழ். விலை விழுந்ததால் காலியான மனைகள் அவை.

கென்சிங்டன் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளலாம். கம்பளம், லேஸ், பின்னலாடை, தொப்பி என்று ஆலைகள் நிறைந்த ஊர். கௌபாய் தொப்பிக்குப் பேர்போன ஸ்டெட்சன் ஆலை அங்கேதான் இருந்தது. ஆலைக்கு நடந்து போகும் தூரத்தில் தொழிலாளிக்கு வரிசை வீடு. திருப்பூர்ப் பனியன் கம்பெனியைச் சுற்றி லைன் வீடுகள் முளைத்தது போல. 1950இல் நகரத்தின் மக்கள்தொகை 20.7 லட்சம். ஆலைகள் தெற்கு மாநிலங்களுக்கும், பிறகு கடல் கடந்தும் போயின. ஸ்டெட்சன் 1971இல் மூடியது. வசதி வந்த வெள்ளையர்கள் புறநகருக்குப் போனார்கள். கறுப்பின மக்களுக்கும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களுக்கும் வங்கிக் கடன் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 2000இல் மக்கள்தொகை 15.2 லட்சம். ஐம்பது ஆண்டில் ஐந்தரை லட்சம் பேர் குறைந்திருந்தார்கள். வீடுகள் மட்டும் நின்றன. ஆளில்லாத வீடு ஒழுகும், சாயும், எரியும். கடைசியில் நகரமே வந்து இடிக்கும். அதன் மிச்சம்தான் அந்த இரண்டு சென்ட்.

சரி, அதை யாருக்காவது விற்றுவிடலாமே? இங்கேதான் சிக்கல். காலி மனைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு தனியார் பெயரில் இருந்தது. அந்தத் தனியார் யார், எங்கே என்று தேடினால் பாதிக்குப் பதில் கிடைக்காது. தாத்தா பெயரிலேயே பத்திரம் இருக்கும். தாத்தா இறந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். பேரன் பேத்திகள் ஏழு பேர் நான்கு மாநிலத்தில் இருப்பார்கள். நம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021இல் பியூ அறக்கட்டளை எண்ணிப் பார்த்தபோது பத்திரத்தில் இப்படிச் சிக்கல் உள்ள வீட்டுச் சொத்துகள் மட்டும் 10,000க்கு மேல் இருந்தன. இன்னும் பல மனைகளில் சொத்து வரி பாக்கி மனையின் விலையைத் தாண்டிவிட்டது. வாங்குபவன் பாக்கியையும் சேர்த்து வாங்க வேண்டும். நகரத்துக்கே சொந்தமான மனைகளுக்கோ வேறு தடை. அந்த வார்டு உறுப்பினர் சம்மதிக்காமல் அங்கே ஒரு மனையும் கைமாறாது என்பது பிலடெல்பியாவில் எழுதாத சட்டம். கவுன்சிலரைப் பார்த்துவிட்டு வா என்ற பேச்சு நமக்கு மட்டும் உரியதல்ல.

ஆக, மனையின் உரிமையைத் தீர்த்துவிட்டு அப்புறம் சீராக்கலாம் என்றால் ஒரு தலைமுறை போய்விடும். பிலடெல்பியா கண்டுபிடித்த குறுக்குவழியே இந்த நிகழ்வின் சாரம்: உரிமையைத் தொடாதே, மனையைத் தொடு.

முதலில் தொட்டவர்கள்

அரசுக்கு முன்பே மக்கள் தொட்டுவிட்டார்கள். நாரிஸ் சதுக்கம் என்ற இடம் 80களில் போதைமருந்துச் சந்தைக்குப் பேர்போனது; பூங்காவில் ஊசி சிதறிக் கிடக்கும். அங்கே போர்ட்டோ ரிக்கோப் பெண்கள் சிலர் 'க்ரூப்போ மோட்டிவோஸ்' என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, பக்கத்துக் காலி மனைகளைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். 'லாஸ் பார்செலாஸ்' என்று அதற்குப் பெயர். காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே தங்கள் தீவின் கிராமத்து வீடு போல ஒரு சின்ன மர வீடும் கட்டிவைத்தார்கள். யாருடைய மனை என்று யாரும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இல்லை. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது.

இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு விதையும் கருவியும் கொடுத்து வந்தது பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம். 1827இல் தொடங்கிய சங்கம். ஆண்டுதோறும் பெரிய மலர்க் கண்காட்சி நடத்துவது அதன் முகம். 1974 முதல் ஏழைப் பகுதிகளில் பசுமை வேலைக்கென்று தனித் திட்டம் வைத்திருந்தது. ஆனால் ஒன்று அவர்களுக்குப் புரிந்துபோனது. தோட்டம் என்பது ஆள் சார்ந்தது. தினமும் தண்ணீர் ஊற்ற ஒருவர் வேண்டும். அவர் முதுமையடைந்தால், வீடு மாறினால் தோட்டம் மறுபடி காடு. 40,000 மனைக்கு 40,000 அக்காமார்களை எங்கே தேடுவது?

90களின் நடுவில் நியூ கென்சிங்டன் சமூக வளர்ச்சிக் கழகம் என்ற உள்ளூர் அமைப்புடன் சேர்ந்து வேறு வழியை முயன்றார்கள். அந்தச் சின்னப் பகுதியிலேயே ஆயிரத்துக்கு மேல் காலி மனைகள். தோட்டம் வேண்டாம், பூங்கா வேண்டாம். ஆளில்லாமலும் பார்வைக்குச் சுத்தமாக நிற்கக்கூடிய மிகக் குறைந்த ஏற்பாடு எது என்று தேடினார்கள். அதிலிருந்து வந்த சமையல் குறிப்புதான் பிற்பாடு 'லேண்ட்கேர்' என்ற பெயரில் நகரம் முழுக்கப் போனது.

வேலை நடக்கும் விதம்

முதல் நாள் லாரி வந்து குப்பையை அள்ளும். களையை வெட்டி, தரையைத் தெருவின் மட்டத்துக்குச் சமன் செய்வார்கள். கீழே செங்கல் குவியல் என்பதால் நேரடியாக எதுவும் வேர்விடாது. வெளியிலிருந்து நல்ல மேல்மண் கொண்டுவந்து சில அங்குலம் பரப்புவார்கள். அதன்மேல் புல் விதை. இரண்டு மூன்று சின்ன மரக்கன்றுகள், பார்வையை மறைக்காதபடி. பூச்செடி கிடையாது, பெஞ்சு கிடையாது, ஊஞ்சல் கிடையாது. இதெல்லாம் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

கடைசியில் வேலி. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முள்கம்பி இல்லை, இரும்புத் தட்டி இல்லை. இடுப்பு உயரத்துக்கு மரக்கட்டைகளை நட்டு, நடுவில் குறுக்காகக் கழிகளைச் செருகியிருப்பார்கள். பண்ணை வேலி மாதிரி. சிறுவன் தாவிக் குதிக்கலாம். தாவ வேண்டிய அவசியமும் இல்லை. ஆள் நுழைய ஒரு திறப்பு விட்டிருப்பார்கள், அதற்குக் கதவும் கிடையாது. அப்படியானால் வேலி எதற்கு? லாரிக்கு. பிலடெல்பியாவில் காலி மனையின் முதல் எதிரி, கட்டட இடிபாட்டைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனால் கட்டணம் கட்ட வேண்டுமே என்று இரவில் பின்பக்கமாக வந்து கொட்டிவிட்டுப் போகிற வண்டிதான். அந்த வேலி வண்டியைத் தடுக்கும், ஆளைத் தடுக்காது. உயரமான சுவர் எழுப்பியிருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரியாமல் போயிருக்கும். அது முந்தைய களைக்காட்டைவிட மோசம்.

அப்புறம் பராமரிப்பு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து குப்பை பொறுக்கிப் புல் வெட்ட வேண்டும். இந்த வேலையின் ஒரு பகுதியை அந்தந்தப் பகுதி அமைப்புகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள்; சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் பிரிவும் சேர்ந்தது. ஆரம்பச் செலவு மனைக்குச் சராசரியாக 1,597 டாலர், அப்போதைய மதிப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய். பராமரிப்பு ஆண்டுக்கு 180 டாலர். அதே இடத்தில் ஒரு வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால் இது டீச் செலவு.

அடுத்தவன் மனையில் எப்படி நுழைந்தார்கள்? காலி மனையைக் குப்பைமேடாக வைத்திருப்பது நகர விதிப்படி குற்றம். நகரத்தின் ஆய்வாளர் மனையில் நோட்டீஸ் ஒட்டுவார். உரிமையாளர் குறித்த நாளுக்குள் சுத்தம் செய்யாவிட்டால் தொல்லையை அகற்ற நகரம் உள்ளே நுழையலாம். அந்த அதிகாரத்தை வைத்துத்தான் தோட்டக்கலைச் சங்கம் வேலை செய்தது. பத்திரம் தாத்தா பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்; புல் வெட்டுவதற்குப் பத்திரம் தேவையில்லை.

ஜான் ஸ்ட்ரீட் மேயராக இருந்தபோது 2001இல் 'நெய்பர்ஹுட் டிரான்ஸ்பர்மேஷன்' என்று ஒரு பெருந்திட்டம் அறிவித்தார். கிட்டத்தட்ட 30 கோடி டாலருக்குக் கடன் பத்திரம். பணத்தின் பெரும்பகுதி பாழடைந்த வீடுகளை இடிப்பதற்குப் போனது. கட்டுநர்கள் வரிசையில் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு பல இடங்களில் பொய்த்தது. இடித்ததால் காலி மனைதான் கூடியது. இந்தத் திட்டத்தின் ஓரத்தில் சின்னப் பங்காக ஒட்டிக்கொண்ட லேண்ட்கேர்தான் பின்னால் பேசப்பட்டது. ஓரத்தில் இருந்ததால்தான் அது அரசியலில் அடிபடாமல் தப்பியது என்பது என் ஊகம்.

குலுக்கிப் போட்ட சோதனை

முதல் கணக்கு பணக் கணக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியான வார்ட்டனின் சூசன் வாக்டர் நியூ கென்சிங்டன் வீட்டு விற்பனைகளை எடுத்து ஆராய்ந்தார். பாழ் மனைக்குப் பக்கத்து வீடு 20 சதவீதம் வரை மதிப்பிழக்கிறது. அந்த மனை சுத்தமாகிப் பச்சையானால் 30 சதவீதம் வரை ஏறுகிறது. நகர மன்றத்தில் காசு கேட்க இந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்தவர் சார்லஸ் பிரானஸ், தொற்றுநோயியல்காரர். துப்பாக்கிச் சூட்டைக் காய்ச்சல் பரவுவதைப் போல ஆராய்கிறவர். 1999 முதல் 2008 வரை பச்சையாக்கப்பட்ட 4,436 மனைகளை, ஆகாத மனைகளோடு ஒப்பிட்டு 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பச்சையான மனைகளைச் சுற்றித் துப்பாக்கித் தாக்குதல் குறைந்திருந்தது. ஆனால் இதில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. எந்த மனையைப் பச்சையாக்குவது என்று முடிவெடுத்தவர்கள், ஏற்கெனவே தேறிக்கொண்டிருந்த தெருக்களைத் தேர்ந்தெடுத்திருந்தால்? குணமாகப் போகிற நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு மருந்தை மெச்சுவது போல ஆகிவிடும்.

அந்தக் கேள்வியை அவர் குழு தட்டிக்கழிக்கவில்லை. அவசர சிகிச்சை மருத்துவர் யூஜீனியா சவுத், வனத்துறை ஆராய்ச்சியாளர் மிஷெல் கோண்டோ, குற்றவியலாளர் ஜான் மெக்டொனால்ட், கூடவே மானுடவியலாளர்கள் என்று ஒரு கூட்டணி சேர்ந்தது. நகரம் முழுவதிலிருந்தும் 541 பாழ் மனைகளை எடுத்து, அருகருகே உள்ளவற்றை 110 கொத்துகளாகக் கட்டி, சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு முழுச் சிகிச்சை: மண், புல், மரம், வேலி, பராமரிப்பு. இரண்டாவது பங்குக்குக் குப்பை அள்ளுவதும் களை வெட்டுவதும் மட்டும். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். வேலை 2013 வசந்தத்தில் நடந்தது. முன்னும் பின்னும் ஒன்றரை ஆண்டுக்கான போலீஸ் பதிவுகளை எடுத்தார்கள். அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களை நேரில் பார்த்துக் கேள்வியும் கேட்டார்கள்.

2018இல் முடிவு வந்தது. சரிசெய்த மனைகளுக்கு அருகே இருந்தவர்களிடம் வெளியே போகும்போது உள்ள பாதுகாப்புக் கவலை 57.8 சதவீதம் குறைந்திருந்தது. வெளியிடத்தில் உட்கார்ந்து பேசுவது 75.7 சதவீதம் கூடியிருந்தது. இது மக்கள் சொன்னது. போலீஸ் பதிவில், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29.1 சதவீதம் குறைந்திருந்தது, வீடு புகுந்து திருடுவது 21.9 சதவீதம். குற்றம் பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறிவிட்டதா என்றும் பார்த்தார்கள், அப்படித் தெரியவில்லை. அதே ஆண்டில் வந்த இன்னொரு கட்டுரை மனநிலையை அளந்தது. பச்சையான மனைக்கு அருகே இருந்தவர்களில் மனச்சோர்வாக இருக்கிறது என்று சொல்வது 41.5 சதவீதம் குறைந்திருந்தது. ஏழைப் பகுதிகளில் அது 68 சதவீதத்துக்கு மேல்.

புல்லுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? ஆராய்ச்சியாளர்களுக்குத் தெருக்காரர்கள் சொன்ன காரணம் மிக எளிமையானது. போதைமருந்து விற்பவன் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் போலீஸ் சோதனையில் மாட்டுவான். அதனால் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் டயருக்குள்ளோ களைக்குள்ளோ போட்டுவைப்பான். களை போய்விட்டால் ஒளித்துவைக்க இடமில்லை. அதோடு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு பேர் அங்கே உட்கார்ந்துவிட்டால் அவனுக்கு வியாபாரம் செய்யவும் வசதியில்லை.

அடுத்த ஆண்டு அதே சோதனையின் தரவைத் துப்பாக்கிச் சூட்டை மட்டும் தனியே எடுத்துப் பிரித்துப் பார்த்தபோது வந்த விடைதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. முழுப் பச்சை மனைகளைச் சுற்றிச் சூடு சுமார் 7 சதவீதம் குறைந்திருந்தது. வெறுமே குப்பை அள்ளிக் களை வெட்டிய மனைகளைச் சுற்றி? சுமார் 9 சதவீதம். மரமும் வேலியும் இல்லாமலேயே! அதே நேரம் மனச்சோர்வு விஷயத்தில் வெறும் சுத்தம் எடுபடவில்லை. அங்கே பச்சைதான் வேலை செய்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், துப்பாக்கியை விரட்டியது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்த ஆள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. புல்லும் மரமும் சன்னலைத் திறந்து பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கு. திறப்பு விழாவுக்குக் காசு ஒதுக்கி, பராமரிப்புக்கு ஒதுக்காமல் விடும் எந்த நகராட்சியும் இதில் பாதியை முதல் கோடையிலேயே இழந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021இல் பிலடெல்பியாவில் 562 பேர் கொல்லப்பட்டார்கள். நகர வரலாற்றில் அதுவரை அவ்வளவு இல்லை. அப்போது ஆயிரக்கணக்கான மனைகள் பச்சையாகத்தான் இருந்தன. ஆக, புல் என்பது ஒரு தெருவின் நிலைமையைத் தெருவின் அளவுக்கு மாற்றும். கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளி மூடி, வேலை போய், துப்பாக்கி விற்பனை பொங்கியபோது அதை நிறுத்தும் வலு அதற்கு இல்லை. திட்டத்தை மேடையில் விற்கிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

பச்சைக்குப் பிறகு

பக்கத்து வீட்டின் மதிப்பு 30 சதவீதம் ஏறினால் நல்லதா? சொந்த வீட்டுக்காரருக்கு நல்லது. பிலடெல்பியாவில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீட்டில்தான் இருக்கின்றன, ஏழைத் தெருக்களிலும் கூட. வாடகைக்கு இருப்பவருக்கு அது வாடகை உயர்வு. சொந்த வீட்டுக்காரருக்கும் அது முழுச் சந்தோஷம் அல்ல. 2014இல் நகரம் எல்லாச் சொத்துகளையும் சந்தை மதிப்புக்கு மறுமதிப்பீடு செய்தது. நாற்பது வருடமாக அதே வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவருக்கு வரி ரசீது திடீரென மடங்கு கணக்கில் வந்தது. அதற்காக, நெடுநாள் குடியிருப்பவர்களின் வரி ஏற்றத்துக்கு உச்சவரம்பு வைக்கும் ஒரு சலுகையையும் கொண்டுவர வேண்டியிருந்தது.

முதல் முயற்சி நடந்த நியூ கென்சிங்டனும் அதை ஒட்டிய ஃபிஷ்டவுனும் இன்று நகரத்தின் சூடான மனைச் சந்தைகள். காபிக் கடை, மூன்று மாடிக் கண்ணாடி வீடு, மொட்டைமாடித் தளம். இதைப் புல்தான் செய்தது என்று சொல்ல முடியாது. நகர மையத்துக்கு ரயிலில் சில நிமிடம் என்பதும், புதுக் கட்டடத்துக்குப் பத்தாண்டு சொத்து வரி விலக்கு என்று 2000 முதல் கிடைத்த சலுகையும் பெரிய காரணங்கள். ஆனால் கட்டுநர் முதல்முறை காரில் சுற்றிப் பார்க்க வந்தபோது அவர் கண்ணில் டயர்க் குவியல் படவில்லை என்பதும் உண்மை.

அடி அதிகம் வாங்கியது பழைய தோட்டங்கள். 1997இல் நகரம், கையில் பணம் வேண்டும் என்பதற்காக, ஆயிரக்கணக்கான சொத்துகளின் வரி பாக்கியை வசூலிக்கும் உரிமையை முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டது. அப்போது அந்த மனைகளுக்கு மதிப்பே இல்லை. இருபது வருடம் கழித்து விலை ஏறியதும், அந்த உரிமையை வைத்திருந்தவர்கள் மனைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அவற்றில் சிலவற்றில் ஒரு தலைமுறையே காய்கறி பயிரிட்டிருந்தது. உரிமையைத் தொடாதே என்ற குறுக்குவழியின் மறுபக்கம் இது. தொடாமல் விட்ட பத்திரம் ஒருநாள் யாரோ ஒருவர் கையில் திரும்பி வரும்.

இதைச் சரிசெய்யத்தான் 2013 டிசம்பரில் நகர மன்றம் நில வங்கி ஒன்றை அமைக்கச் சட்டம் இயற்றியது. பல துறைகளில் சிதறிக் கிடக்கும் மனைகளை ஒரே இடத்தில் சேர்ப்பது, வரி பாக்கிச் சொத்துகளை எடுத்துப் பத்திரத்தைச் சுத்தமாக்குவது, மலிவு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் முற்றத்துக்கும் கொடுப்பது என்று காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் விற்பனைக்கு வார்டு உறுப்பினரின் சம்மதம் வேண்டும் என்ற வழக்கம் சட்டத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. வேகம் எதிர்பார்த்தபடி இல்லை.

மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் வேறு மாதிரி போனது. கார் ஆலைகள் மூடிப் பாதி காலியான ஊர் அது. அங்கே ஜெனசி வட்டார நில வங்கிக்கு மனைகளின் உரிமையே வந்துவிட்டது. புல் வெட்ட ஒப்பந்தக்காரர் வேண்டாம் என்று, தெருவில் இருக்கும் சிறு குழுக்களுக்கும் சர்ச்சுகளுக்கும் உதவித்தொகை கொடுத்து அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிக் குடியிருப்பவர்களே பார்த்துக்கொண்ட தெருக்களில் தாக்குதல்களும் வன்முறையும் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு என்று மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று கண்டது. குலுக்கல் சோதனை அல்ல, அதனால் பிலடெல்பியாவின் எண்ணோடு நேரடியாக வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனால் யார் புல் வெட்டுகிறார்கள் என்பதற்கும் ஒரு கனம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. எனக்குத் தெரிந்து பிலடெல்பியா இதைத் தனியாகச் சோதித்ததில்லை, சோதித்திருக்கலாம்.

லேண்ட்கேர் இன்று சுமார் 12,000 மனைகளைக் கவனிக்கிறது. சில மனைகளை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப் பக்க முற்றமாகச் சேர்த்துக்கொண்டார். பல மனைகள் புல்லாகவே நிற்கின்றன. கோடை மாலையில் அங்கே இறைச்சி சுடுவார்கள், பிள்ளைகள் ரப்பர் குளத்தில் நீர் நிரப்பி விளையாடுவார்கள்.  சில மனைகளில் வீடு எழும்புகிறது. அங்கே முதல் நாள் வேலை எப்போதும் ஒன்றுதான்: லாரி உள்ளே வரக் கூடாதென்று நட்ட வேலிக் கட்டைகளைப் பிடுங்கி ஓரமாகப் போடுவது, சிமென்ட் லாரி உள்ளே வர வேண்டுமே.